கிராணி பதில்கள்: வந்த மருமகளுங்க ஒண்ணு சேர்ந்துட்டா

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கு, ஏதாச்சும் எழுதிக் குடுங்கன்னு ஆசிரியர் கேட்டாரு, நானும் ஆப்பிரிக்காவுல இருக்கிற போனோபோ குரங்கைப் பத்தி ஒரு எட்டு வரி எழுதிக் குடுத்தேன், அதுல 'அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க வச்சதுதான் சட்டம்'னு ஒரு வரி வந்துருச்சு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாங்க. வாட்ஸாப்ல கேள்வி, கடுதாசில கேள்வி, ஆயர் தாவார் பசார்ல மீன் வாங்கப் போன எடத்துல மீன்காரர் மனைவி வேற தராசைக் கையில வச்சுக்கிட்டே கேள்வி. வழக்கமா எனக்கு வர்றது இ.பி.எஃப் பணம் எப்ப எடுக்கலாம், இடிச்சுப் போட்ட தோட்டத்துல பொறந்தவங்களுக்குப் பிறப்புப் பத்திரம் எங்க தேடறது, இந்த மாதிரிதான். இந்த மாசம் முழுசும் குரங்கு. சரி, பக்கம் பூரா அதுக்கே போகட்டும்.

கேள்வி: ஐயா, போனோபோன்னா சிம்பன்சியோட குட்டி சைஸ்தானே? (ஃபோர்ம் ஃபோர் மாணவன், பாகான் செராய்)

இல்ல தம்பி, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். முன்னாடியெல்லாம் அதுக்குக் குள்ளச் சிம்பன்சின்னே பேரு, ஆனா உண்மையில அப்படி ஒண்ணும் குள்ளம் இல்ல. 1929-ல பெல்ஜியத்துல தெர்வூரன் மியூசியத்துல இருந்த ஒரு மண்டை ஓட்டைப் பார்த்துட்டு எர்ன்ஸ்ட் ஷ்வார்ட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர்தான் இது வேற ரகம்னு எழுதுனாரு, 1933-ல ஹெரால்ட் கூலிட்ஜ்னு ஒரு அமெரிக்கர் ரகம் மட்டும் இல்ல, இனமே வேறன்னு சொன்னாரு. காட்டுல உசுரோட இருக்கிறதைப் பார்த்து இல்ல, அலமாரியில இருந்த எலும்பைப் பார்த்துக் கண்டுபிடிச்சது, அதை நெனைச்சாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஆளைப் பார்த்தா சட்டுன்னு அடையாளம் தெரியும். முகம் பொறந்ததுல இருந்தே கறுப்பு, உதடு மட்டும் ரோஸ் கலரு, தலைமுடி நடு வகிடு எடுத்து சீவி விட்ட மாதிரி ரெண்டு பக்கமும் விழும், ஸ்கூல் போட்டோவுக்கு நிக்கிற பையன் மாதிரி. உலகத்துலயே கொங்கோ ஜனநாயகக் குடியரசுங்கிற ஒரே நாட்டுலதான் காட்டு போனோபோ இருக்கு, அதுவும் கொங்கோ ஆத்துக்குத் தெக்க மட்டும். சிம்பன்சி எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம். நடுவுல அவ்வளவு பெரிய ஆறு, நீந்திக் கடக்க இதுங்களால ஆகாது, அப்படியே பத்து லட்சம் வருஷத்துக்கு மேல பிரிஞ்சு போச்சு. நம்ம டி.என்.ஏவோட ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 98.7 சதவீதம் ஒத்துப் போகும். பங்காளி முறைன்னு வச்சுக்க.

கேள்வி: காட்டுக்குள்ள இருக்கிற குரங்குல எது யாருக்கு மாமியார், எது யாருக்குப் புள்ளைன்னு இவங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஆபிஸ்ல உக்காந்து கதை விடறாங்களா? (பழைய லோரி டிரைவர், தெலுக் இந்தான்)

நல்லா கேட்டீங்க அண்ணே, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1973-ல தகாயோஷி கானோன்னு ஒரு ஜப்பான்காரர், கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆளு, கொங்கோவுக்கு (அப்ப அது ஸயர்) போயி ஒரு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போறாரு, இங்க போனோபோ இருக்கா, இங்க இருக்கான்னு விசாரிச்சுக்கிட்டே. ரோடுன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. கடைசியில வாம்பான்னு ஒரு கிராமத்துல, அங்க காட்டுல நெறைய இருக்கு, ஜனங்களும் அதை அடிச்சுத் திங்கிறதில்லன்னு தெரிஞ்சதும் 1974-ல இருந்து அங்கேயே ஆராய்ச்சி ஆரம்பிச்சாரு. அந்த ஊர்ல இருக்கிற பொங்காண்டோ ஜனங்களுக்குப் போனோபோவைத் திங்கக் கூடாதுன்னு பரம்பரையா ஒரு கட்டுப்பாடு, அது நம்ம சொந்தக்காரன் மாதிரின்னு சொல்லுவாங்களாம். அந்தக் கட்டுப்பாடு இல்லைன்னா ஆராய்ச்சி பண்ண அங்க ஒரு குரங்கும் மிஞ்சியிருக்காது.

ஆனா மனுஷனைப் பார்த்தாலே ஓடிப் போற குரங்கை எப்படி நின்னு பார்க்கறது? கரும்பு. காட்டுக்குள்ள ஒரு எடத்துல கரும்பைப் போட்டு வைக்க வைக்க அதுங்க வர ஆரம்பிச்சு, வந்து வந்து பழகி, ஒவ்வொண்ணுக்கும் முகம் தெரிஞ்சு பேரு வைக்கிற அளவுக்கு வந்துச்சு. இதுல ஒரு சிக்கலும் இருக்கு, நீங்க கரும்பு குடுத்ததாலதான் அதுங்க அப்படி நடந்துக்குதுன்னு சில பேரு சொன்னாங்க, நியாயமான பேச்சுதான். லொமாக்கோங்கிற எடத்துல வேற ஆராய்ச்சியாளருங்க ஒண்ணுமே குடுக்காம பின்னாடியே போயிப் பார்த்தாங்க, அப்புறம் 2002-ல கோட்ஃபிரீட் ஹோமனும் பார்பரா ஃப்ரூத்தும் லூயிகொத்தாலேங்கிற எடத்துல அதே மாதிரி ஆரம்பிச்சாங்க. வாம்பாவுலயும் இப்பக் கரும்பெல்லாம் கெடையாது. அங்க 1996-ல போர் வந்து எல்லாரும் கெளம்ப வேண்டியதாப் போச்சு, திரும்பி வந்து வேலையைத் தொடங்கினது 2002 வாக்குல.

இப்ப ஒரு நாள் வேலை எப்படின்னு சொல்றேன். போனோபோ ஒவ்வொரு சாயங்காலமும் மரத்து மேல கிளையை மடிச்சு மடிச்சு புதுசா படுக்கை போட்டுத்தான் தூங்கும். எந்த மரம்னு முதல் நாளு பார்த்து வச்சுக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடியே இருட்டுல தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு அந்த மரத்தடியில போயி நிக்கணும், ஏன்னா அதுங்க எந்திரிச்சுப் போயிட்டா அன்னைக்குப் பூரா தேடித்தான் திரியணும். இதைப் படிச்சப்ப எனக்கு நேரா ரப்பர் மரத்துல பால் வெட்டுறதுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க அம்மாவும் அப்படித்தான், நாலு நாலரைக்கு எந்திரிச்சு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடி, அப்புறம் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு இருட்டுல மரம் மரமாப் போறது. இவங்க மரத்தடியில போயி நின்னா முதல்ல கெடைக்கிறது பாலு இல்ல, மூத்திரம். சிரிக்காதீங்க. காலையில எந்திரிச்சதும் மேல இருந்து அதுங்க போகும், கீழ இலையில விழுந்து நிக்கிறதைச் சின்னக் குழாயில உறிஞ்சி எடுத்து வச்சுக்குவாங்க, எந்தக் குரங்கோடதுன்னு பேரெழுதி. அதுல இருந்து உடம்புல எந்த ஹார்மோன் ஏறியிருக்கு, பதட்டத்துல இருக்கா, இல்லையான்னு லேப்ல பார்க்கலாம். சாணியில இருந்து டி.என்.ஏ எடுப்பாங்க. அண்ணே, நீங்க கேட்டதுக்குப் பதில் இங்கதான் இருக்கு: அம்மா யாருன்னு கண்ணாலயே தெரிஞ்சுக்கலாம், புள்ளை மார்புல தொங்குது, அப்பன் யாருன்னு சாணிதான் சொல்லும்.

அப்புறம் நாள் பூரா பின்னாடியே நடை. முகத்துல மாஸ்க், ஏன்னா நம்ம சளி அதுங்களுக்கு ஒட்டுனா செத்துப் போயிடும், கிட்டவும் போகக் கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருக்கா யாரு இருக்கா, யாரு யாருக்குப் பேன் பார்க்கிறா, யாரு யாரைத் துரத்தினா, எல்லாம் எழுதணும். சாயங்காலம் திரும்ப படுக்கை போடற வரைக்கும். நான் இருபது வருஷத்துக்கு மேல தோட்டத்து ஆபிஸ்ல கிராணியா இருந்து செக்ரோல் எழுதினவன், யாரு வந்தா, யாரு வரலை, யாரு எந்த நெரையில. எனக்கு இந்த வேலை ரொம்ப அந்நியமா தெரியலை. வித்தியாசம் என்னன்னா செக்ரோல்ல பேரு விட்டுப் போனா ஆளு வந்து நம்ம சட்டையைப் பிடிக்கும், குரங்கு பிடிக்காது, அதனால இவங்க தாங்களே ஒழுங்கா இருக்கணும்.

கேள்வி: ஆணுதான் பெருசு, பலமும் அதுக்குத்தான் ஜாஸ்தின்னு நீங்களே எழுதினீங்க, அப்புறம் பொம்பளைங்க ஆட்சி எப்படி நடக்கும்? எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்கிறாரு. (குடும்பத்தலைவி, சுங்கை சிப்புட்)

அக்கா, வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு படிங்க.

2025-ல மார்ட்டின் சுர்பெக்கும் அவரு கூட வேலை செய்யறவங்களும் ஒரு கட்டுரை போட்டாங்க, ஆறு போனோபோ கூட்டத்துல கிட்டத்தட்ட 30 வருஷமா சேர்த்து வச்ச கணக்கு. ஆணுக்கும் பொண்ணுக்கும் நடந்த சண்டையில நூத்துக்கு 61 பொண்ணு ஜெயிச்சிருக்கு. சராசரியா ஒரு பொண்ணு கூட்டத்துல இருக்கிற ஆணுல 70 சதவீதத்துக்கு மேல் நிலையில இருக்கு. எல்லாக் கூட்டத்துலயும் ஒரே அளவு இல்ல, ஒரு எடத்துல கூட, ஒரு எடத்துல கொறைய. அப்ப எதனால மாறுதுன்னு பார்த்தா பலம் இல்ல, சைஸ் இல்ல, பொண்ணுங்க கூட்டுச் சேர்றதுதான். எந்தக் கூட்டத்துல அடிக்கடி சேருதோ அங்க பொண்ணுங்க கை மேல. அப்படிக் கூட்டுச் சேர்ந்து பாய்ஞ்சதுல 85 சதவீதம் ஆணு மேலதான்.

நான் அசந்து போனது இந்தக் கணக்குல இல்ல, அந்தப் பொண்ணுங்க யாருங்கிறதுல. நம்ம ஊரு கெரா, பெரூக்குன்னு ரெண்டு குரங்கையும் எடுத்துக்கிட்டா பொண்ணு பொறந்த எடத்துலயே இருக்கும், ஆணுதான் வெளியூர் போகும், அதனால அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாம் ஒண்ணா நிக்கிறதுல ஆச்சரியம் இல்ல, ரத்தம். போனோபோவுல தலைகீழ். ஆணுதான் பொறந்த வீட்டுல இருக்கும், பொண்ணு பருவம் வந்ததும் வேற கூட்டத்துக்குக் கெளம்பிப் போயிடும். அப்ப ஒரு கூட்டத்துல இருக்கிற பெரிய பொண்ணுங்க எல்லாமே பெரும்பாலும் வெளியில இருந்து வந்ததுங்க, ஒண்ணுக்கொண்ணு ரத்த சம்பந்தம் இல்ல. நம்ம பேச்சுல சொன்னா அத்தனையும் மருமகளுங்க. அவங்க சேர்ந்துதான் அந்த வீட்டுப் புள்ளைங்களை அடக்கி வைக்கிறாங்க.

புதுசா வர்ற பொண்ணு என்ன செய்யும்னு கெனிச்சி இதானிங்கிற ஜப்பான்காரர் வாம்பாவுல பார்த்து 1991-ல எழுதியிருக்காரு. வந்ததும் ஆணுங்க கிட்டப் போயி ஒட்டாது. அங்க இருக்கிற வயசான பொண்ணுங்கள்ல ஒண்ணைப் பார்த்து வச்சுக்கும், அது பக்கத்துலயே போயி உக்காரும், அது போற எடத்துக்கெல்லாம் போகும், பேன் பார்க்கும். அந்தப் பெரிய மனுஷி ஏத்துக்கிட்டா எடம் கெடைச்ச மாதிரி. அப்புறம் நஹோகோ தொக்குயாமாவும் தகேஷி ஃபுருயிச்சியும் 2016-ல அதே வாம்பாவுல பார்த்தது, ஆணு ஒண்ணு சின்னப் பொண்ணு கிட்ட வம்பு பண்ணும் போதுதான் கூட்டணி கெளம்புது, பெரும்பாலும் வயசுல மூத்தது எந்திரிச்சு வந்து சின்னது பக்கம் நிக்குது.

எங்க அம்மா கெடாவுல ஒரு தோட்டத்துல இருந்து பதினேழு வயசுல கல்யாணமாகி இங்க பேராக் பக்கம் வந்தவங்க. ஒரு ஆளைத் தெரியாது. எங்க லயத்துல அஞ்சாவது வீட்டுல ஒரு பெரியம்மா, சொந்தம் ஒண்ணும் இல்ல, ஜாதியும் வேற, அவங்கதான் அம்மாவுக்குப் பட்டை ஆழமா வெட்டாம கத்தி பிடிக்கிறது எப்படின்னு கையைப் பிடிச்சுக் காட்டிக் குடுத்தாங்களாம். எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும் போது ஒரு சம்பள நாள் ராத்திரி, சம்சு குடிச்சுட்டு ஒருத்தரு பொண்டாட்டியை வாசல்ல போட்டு அடிக்கிறாரு. ஆம்பளைங்க எல்லாம் அது அவங்க குடும்ப விஷயம்னு வீட்டுக்குள்ள. அந்தப் பெரியம்மா மட்டும் பால் வாளி தூக்கிற காண்டாக் கம்பை எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க, ஒண்ணும் பேசலை, சும்மா வந்து நின்னாங்க. பின்னாடி எங்க அம்மா. அப்புறம் எதிர் லயத்துல இருந்து ரெண்டு பேரு, கையில பால் வாளி மூடி. ஒரு அஞ்சு நிமிஷத்துல ஒன்பது பத்துப் பேரு. அந்த ஆளு ஒரு சுத்து பார்த்துட்டு இறங்கி ஓடினவரு அன்னைக்கு ராத்திரி ஸ்டோர்லதான் படுத்தாரு. அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தம் கெடையாது, எல்லாம் வேற வேற தோட்டத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தவங்க. குரங்கு மாதிரி மனுஷன்னு நான் சொல்ல வரலை, யாரும் கோவிச்சுக்காதீங்க, ஆனா அந்தக் கட்டுரையைப் படிச்ச ராத்திரி எனக்கு அந்தக் காண்டாக் கம்புதான் கண்ணுல நின்னுச்சு.

கேள்வி: அப்ப ஆம்பளைக்கு யாரு சப்போர்ட்? (அதே குடும்பத்தலைவியின் வீட்டுக்காரர், அதே கடிதத்தின் பின்பக்கம்)

அம்மாதான் அண்ணே, வேற யாரு. ஆணு பொறந்த கூட்டத்துலயே இருக்கிறதால அம்மாவும் கூடவே இருக்கும், பெரிய ஆளான பிறகும் அம்மா போற வழியிலதான் போகும். அம்மா கூட்டத்துல உசுரோட இருக்கிற ஆணுக்குப் புள்ளை பொறக்கிற வாய்ப்பு அம்மா இல்லாத ஆணை விட ஏறக்குறைய மூணு மடங்குன்னு 2019-ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க, சாணி டி.என்.ஏவை வச்சுத்தான். அம்மா என்ன செய்யும்னா, மகன் பொண்ணு கூட இருக்கும் போது வேற ஆணு வந்து குறுக்க விழுந்தா அதை வெரட்டி விடும், மகனுக்கு வேண்டிய எடத்துக்குக் கூட்டிக்கிட்டும் போகும். சிம்பன்சிக்கு இந்தச் சலுகை கெடையாது. பொண்ணு பார்க்கப் போற எடத்துக்கெல்லாம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறவன்னு நம்ம பக்கம் கிண்டல் பண்ணுவோம்ல, அங்க அவன்தான் கெட்டிக்காரன்.

கேள்வி: போனோபோ என்றால் அமைதியின் சின்னம் என்று பல வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சண்டைக்காரக் குரங்கு என்று செய்தி வருகிறது. எது உண்மை? (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோல கங்சார்)

வாத்தியாரே, ரெண்டும் உண்மை, அதான் பிரச்சனை.

நீங்க படிச்ச செய்தி 2024-ல மோட் முஜினோ எழுதின கட்டுரையில இருந்து வந்திருக்கும். கொங்கோவுல கொக்கோலோப்போரிங்கிற எடத்துல 12 ஆண் போனோபோ, தான்சானியா கோம்பேயில 14 ஆண் சிம்பன்சி, ரெண்டு பக்கமும் சேர்த்து பல ஆயிரம் மணி நேரம் பின்னாடியே போயி எழுதின குறிப்பு. எண்ணிப் பார்த்தா ஆண் போனோபோதான் சிம்பன்சியை விட மூணு மடங்கு கிட்ட அதிகமா வம்புக்குப் போகுது. அதிகமா வம்பு பண்ற ஆணுக்குத்தான் பொண்ணு கூட சேர்ற வாய்ப்பும் அதிகம். எழுதினவங்களுக்கே இது எதிர்பாராத முடிவுதான்.

ஆனா எண்ணிக்கையை மட்டும் பார்த்தா ஏமாந்துருவோம். போனோபோ சண்டை ஒத்தைக்கு ஒத்தை, துரத்தறது, தள்றது, கடிக்கறது, முடிஞ்சுது. சிம்பன்சி ஆணுங்க கூட்டுச் சேர்ந்து போகும், பக்கத்துக் கூட்டத்து எல்லைக்குள்ள சத்தம் போடாம நெரையா நடந்து போயி தனியா மாட்டுறதைக் கொன்னு போட்டுட்டு வரும், அதெல்லாம் கோம்பேயில 1970கள்லயே கண்ணால பார்த்து எழுதியாச்சு. கூட்டுச் சண்டையில அடி வாங்கினா சாவுதான், அதனால சிம்பன்சி சும்மா சும்மா சண்டைக்குப் போகாது, போனா பெருசாப் போகும். போனோபோவுல ஆணுங்க அப்படிக் கூட்டுச் சேர்றதே ரொம்பக் கொறைவு. நம்ம ஊர்லயே பார்த்திருப்பீங்க, தினமும் சாப்பாட்டுக் கடையில கத்திச் சண்டை போட்டுக்கிறவங்க ரெண்டு பேரும் மறுநாள் ஒரே மேசையில தே தாரிக் குடிப்பாங்க, அடிதடிக்கு ஆள் சேர்க்கிறவன் பேசவே மாட்டான்.

பக்கத்துக் கூட்டத்தோட எப்படின்னு பார்த்தா வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரியும். அதே கொக்கோலோப்போரியில லீரான் சமூனியும் சுர்பெக்கும் ரெண்டு கூட்டத்துல 31 பெரிய போனோபோவை ரெண்டு வருஷம் பார்த்து 2023-ல எழுதினாங்க: ரெண்டு கூட்டமும் சந்திச்சா ஒண்ணாவே திரியுது, பேன் பார்க்குது, பழத்தைக் கூடக் குடுத்துக்குது, அதுவும் சொந்தம் இல்லாததுங்களுக்கு. எல்லாமும் எல்லாத்தோடயும் இல்ல, தன் கூட்டத்துலயே தாராளமா இருக்கிறதுதான் வெளியில இருக்கிற தாராளமானதைத் தேடிப் போகுது. வகுப்புல இனிமே சொல்லிக் குடுக்கிறதா இருந்தா அமைதின்னு சொல்லாதீங்க, ஆள் சேர்த்துக்கிட்டுக் கொல்லப் போகாததுன்னு சொல்லுங்க.

கேள்வி: இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை, போனோபோ எப்பப் பார்த்தாலும் 'அந்த' வேலையிலதான் இருக்குமாமே? (பேர் வேண்டாம், ஈப்போ)

எப்பப் பார்த்தாலும் இல்ல. பழமரத்துல ஏறும் போது, ரெண்டு கூட்டம் சந்திக்கும் போது, சண்டை முடிஞ்ச பிறகு, இந்த மாதிரி மனசு பதட்டமா இருக்கிற நேரத்துல ரெண்டு பொண்ணுங்க கட்டிப் பிடிச்சு உறுப்போட உறுப்பு உரசிக்கும், கொஞ்ச நேரந்தான், அப்புறம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடும். லூயிகொத்தாலேயில அந்த இலை மூத்திரத்தை எடுத்துப் பார்த்தப்ப, பொண்ணுங்க இப்படி உரசின பிறகு ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் ஏறியிருக்கு, தாய்ப்பால் குடுக்கும் போது சுரக்குமே அதேதான். ஆணு கூட சேர்ந்த பிறகு அப்படி ஏறலை. நாம கை குடுக்கிறோம், அதுங்க இப்படி. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு எழுதறவங்களாலதான் மீதி எல்லாம் மறைஞ்சு போச்சுன்னு எனக்கு ஒரு எரிச்சல் உண்டு.

கேள்வி: பழத்துக்கு சண்டை போடாதா? எங்க வீட்டு பின்னாடி டுரியான் பெலண்டா மரத்துக்கு கெரா கூட்டம் வந்தா யுத்தமே நடக்குது. (செம்பனைத் தோட்டத்து மேற்பார்வையாளர், சித்தியவான்)

உங்க வீட்டு டுரியான் பெலண்டாவுக்கு அங்க ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் இருக்கு, அனோனிடியம்னு பேரு, சீத்தாப்பழக் குடும்பம்தான், ஆனா சைஸ் ரொம்பப் பெருசு, ஒரு ஆளு தனியாத் தின்னு முடிக்க முடியாது. ஷின்யா யமமோட்டோங்கிறவரு வாம்பாவுல இந்தப் பழத்தையே குறி வச்சுப் பார்த்து 2015-ல எழுதினாரு. ஒரு பொண்ணு பழத்தை வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு வந்து முகத்துக்குக் கிட்ட முகத்தை வச்சு உத்துப் பார்க்கும், கையை நீட்டும், அது ஒரு துண்டை எடுத்துக்க விடும். இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. பக்கத்துலயே அதே பழம் வேற கெடைக்கும் போதும் போயி இது கிட்டத்தான் கேக்குது! பசிக்குக் கேக்கலை. பக்கத்து வீட்டுல ஒரு கப் சீனி வாங்கப் போறவங்க வீட்டுல எல்லாருக்கும் சீனி தீர்ந்தா போச்சு?

கெராவைப் பத்தி சொன்னீங்க, உங்க கைக்கிட்ட இருக்கிற விஷயம் ஒண்ணு சொல்றேன், உங்க வேலைக்கு உபயோகப்படும். உங்க ஊருக்குப் பக்கத்துல செகாரி காடு தெரியும்ல, அங்க ஆன்னா ஹோல்ஸ்னர், நடீன் ருப்பர்ட் எல்லாம் சேர்ந்து பெரூக் கூட்டத்துக்குப் பின்னாடியே செம்பனைக்குள்ள நடந்து 2019-ல எழுதினாங்க. பெரூக்கு செம்பனைப் பழம் திங்கும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா அது தின்னு தீர்க்கிறது மொத்த வெளைச்சல்ல அரை சதவீதம் சொச்சந்தான். எலி தின்னு கெடுக்கிறது 10 சதவீதம் கிட்ட. பெரூக்கு என்ன செய்யுதுன்னா மரத்துல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற மட்டை அடியைப் பிச்சுப் போட்டு, உள்ள பகல்ல ஒளிஞ்சு கெடக்கிற எலியைப் பிடிச்சுத் தின்னுது. ஒரு கூட்டம் வருஷத்துக்கு 3,000 எலிக்கு மேல. பெரூக்கைச் சுட்டுத் தள்ளிட்டு எலி மருந்துக்குக் காசு செலவு பண்ற கணக்கை நான் தோட்டத்து ஆபிஸ்ல என் கையாலயே எழுதியிருக்கேன், அப்ப யாருக்கும் இது தெரியாது. நீங்க அடுத்த தடவை மானேஜரைப் பார்க்கும் போது பேச்சு வாக்குல சொல்லிப் பாருங்க. சொன்னது நான்னு சொல்லாதீங்க, பழைய கிராணின்னா அவங்களுக்கு ஆகாது.

கேள்வி: எத்தனை மிச்சம் இருக்கு, அழிஞ்சுருமா? (ஃபோர்ம் டூ மாணவி, தாப்பா)

கொறைஞ்சது 15,000-ல இருந்து 20,000 வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க மா, அழிவு ஆபத்துல இருக்கிற பட்டியல்லதான் வச்சிருக்காங்க. இறைச்சிக்கு வேட்டையாடறதுதான் பெரிய காரணம். பொங்காண்டோ கட்டுப்பாட்டைப் பத்தி மேல சொன்னேன்ல, போர் வந்தப்ப துப்பாக்கியும் வெளியூர் ஆளுங்களும் வந்து வாம்பாவுலயே கூட அது தளர்ந்து போச்சு. ஒரு பொண்ணு போனோபோ நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால போனது திரும்பி வர ரொம்ப நாளாகும். அம்மாவைச் சுட்டுட்டு குட்டியை விக்கிறாங்க, அப்படி மீட்ட குட்டிங்களை வளர்க்க கிளோடின் ஆந்த்ரேன்னு ஒரு அம்மா 1994-ல கின்ஷாசாவுல ஆரம்பிச்ச காப்பகம் இன்னும் நடக்குது, லோலா யா போனோபோன்னு பேரு.

கேள்வி: பெத்த புள்ளையையே பாக்க நேரம் இல்லாத காலம், அந்தக் குரங்கு ஊரான் புள்ளையை வளர்க்குமா? (ஆயாக் கொட்டகையில முப்பது வருஷம் வேலை பார்த்த பாட்டி, ஆயர் தாவார், நேர்ல கேட்டது)

பாட்டி, நீங்க கேட்டுட்டுப் போன பிறகு தேடிப் படிச்சேன், இருக்கு. தொக்குயாமா அவங்க வாம்பாவுல பார்த்தது, 2021-ல வெளிவந்துச்சு. மாரின்னு ஒரு இளந்தாய், அதுக்கு ஏற்கனவே ரெண்டு சின்னப் பொண்ணுங்க, அது கூட ஃப்ளோரான்னு ஒரு குட்டியையும் தூக்கி வச்சுக்கிட்டுச் சுத்துது. சியோன்னு இன்னொண்ணு, உங்க மாதிரி வயசான மனுஷி, அம்பதுக்கு மேல இருக்கும்னு கணிச்சிருக்காங்க, அதுக்கு ரூபின்னு மூணு வயசுக் குட்டி. ரெண்டு குட்டியும் அந்தக் கூட்டத்துல பொறந்தது இல்ல. டி.என்.ஏ எடுத்துப் பார்த்தா தாய் வழியிலயும் ஒட்டு உறவு இல்ல. வேற கூட்டத்துக் குட்டியை இப்படி எடுத்து வளர்க்கிறதைக் காட்டு வாலில்லாக் குரங்குல அதுக்கு முன்னாடி யாரும் பார்த்து எழுதினதில்ல.

சியோ ரூபியை வயித்துல தொங்க விட்டுக்கிட்டு நடக்கும், பேன் பார்க்கும், பழம் எடுத்துக்க விடும், மார்புல வாய் வைக்கவும் விட்டிருக்கு. ரூபியைப் பெத்தவ யாரு, செத்துப் போச்சா, வழி தவறிப் பிரிஞ்சு போச்சா, கூட நடந்தவங்களுக்கும் தெரியலை. ஒரு நாளு காலையில கூட்டத்தை எண்ணும் போது சியோ கிட்ட ஒரு குட்டி இருந்துச்சு, அதை எழுதிக்கிட்டாங்க.